பக்கத்து மனையில் டிரெய்லர்கள்

மாசி மாதம் ஒரு காலையில் எதிர் வீட்டுக்காரர் கையில் ஒரு மகஜரோடு என் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். அவர் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தெருக் காரியங்களையே முழுநேர உத்தியோகமாக எடுத்துக்கொண்டவர். தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று என்றும், என் கையெழுத்துக்காக எல்லாவற்றுக்கும் மேலே இடம் விட்டிருப்பதாகவும் சொன்னார்.

"நீங்கதானே ஒட்டின வீடு. உங்க கையெழுத்து முதல்ல இருந்தாதான் ஆபீஸ்ல மதிப்பாங்க."

ஒட்டின வீடு என்பது சரிதான். தஞ்சாவூர் புறவழிச்சாலையிலிருந்து பிரிந்து வரும் எங்கள் தெருவில் கடைசி வீடு என்னுடையது. அதற்கப்பால் ஒரு பெரிய மனை. நானும் கணவரும் வீடு கட்டிக் குடிவந்தபோது அது நஞ்சை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் நடவு தெரியும். பிறகு கல் ஊன்றினார்கள், கிராவல் கொட்டி மேடாக்கினார்கள். மனைகளாகப் பிரித்து விற்கிறவரை சும்மா கிடப்பானேன் என்று சொந்தக்காரர் அதை ஆத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவருக்கு வாடகைக்கு விட்டார். அவர் அறுவடை மிஷின்கள் வைத்திருப்பவர். பெல்ட் போட்ட மிஷின் சேற்று வயலில் இறங்கும், தார் ரோட்டில் ஓடாது. அதை ஊர் ஊராகத் தூக்கிப்போக நீளமான டிரெய்லர்கள் வேண்டும். அறுவடை முடிந்தால் மிஷின்கள் பட்டறைக்குப் போய்விடும். டிரெய்லர்கள் அடுத்த அறுவடைவரை எங்காவது நின்றாக வேண்டும். அப்படி நிற்கத்தான் அந்த மனை.

மனைக்கு மாநகராட்சியில் ஒரு வருஷத்துக்குத் தற்காலிக அனுமதி வாங்கியிருந்தார்கள். அது பங்குனியோடு முடிகிறது. நீட்டிப்பதற்கு முன்னால் ஆள் வந்து இடத்தைப் பார்ப்பார்கள், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். அதற்குத்தான் மகஜர்.

"வச்சிட்டுப் போங்க. படிச்சிட்டுத் தர்றேன்," என்றேன்.

செயலாளருக்கு முகம் ஒரு மாதிரி ஆயிற்று. டிரெய்லர்கள் வந்த புதிதில் தெருவிலேயே பெரிய குரலில் சண்டை போட்டவள் நான்தான் என்பது அவருக்குத் தெரியும். ஒரு டிரைவர் பின்னால் எடுக்கும்போது என் வேலியோரத்து முருங்கையை முறித்துவிட்டான். நான் போட்ட சத்தத்தில் அவன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. அப்படிப்பட்டவள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்றால் அவருக்குப் புரியத்தான் இல்லை. நானும் விளக்கவில்லை. யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்கிற பொறுமை எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை.

முருங்கை முறிந்த மறுநாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"அம்மா, இருக்கீங்களா?"

மனைக்குக் காவல் இருக்க வந்த வாட்ச்மேன். வேளாங்கண்ணிக்குத் தெற்கே கடற்கரை ஊர்க்காரர். விசைப்படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், கால் முறிந்து சேர்ந்த பிறகு படகில் நிற்க முடியாமல் இந்த வேலைக்கு வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். டிரைவர் செய்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்டார். கூடவே, மனையில் தண்ணீர் இல்லை, குடிக்கவும் குளிக்கவும் ஒரு குழாய்த் தண்ணீர் கிடைக்குமா என்றார். முருங்கையைப் பறிகொடுத்தவளிடமே தண்ணீர் கேட்கிற தைரியத்தை என்ன சொல்வது? கொடுத்தேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தக் குரல் வரும். "அம்மா, இருக்கீங்களா?" நான் அடுக்களையிலிருந்து, "இருக்கேன், மோட்டார் போடுறேன்," என்பேன். முள்கம்பி வேலிக்கு மேலாக ஹோஸ் போகும். டிரம் நிரம்புகிறவரை அவர் அந்தப் பக்கம் நிற்பார், நான் இந்தப் பக்கம் நிற்பேன். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்பார். மீன் விலையைக் கேட்டீர்களா என்பார், நான் மீன் சாப்பிடுவதில்லை என்று தெரிந்தும். டிரெய்லர்களைப் படகு மாதிரி தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டிவைத்திருப்பார். காற்றடித்தால் கொக்கிச் சங்கிலிகள் ஆடிச் சத்தம் போடும்.

நான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். "லைன்ல இருக்கீங்களா? பேசுங்க, லைன்ல இருக்கீங்களா?" என்று முகம் தெரியாதவர்களைக் கேட்டுக் கேட்டே என் உத்தியோகத்தின் முதல் பாதி போயிற்று. பிறகு ஜனங்கள் தாங்களே நம்பர் சுற்றிப் பேசிக்கொண்டார்கள், எங்களைப் பில் கவுண்டரில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். ஆனால் என்னைப் பார்த்து யாராவது அப்படிக் கேட்கவேண்டிய அவசியம் வந்ததில்லை. கணவர் இருந்தவரை வீட்டில் நான் இருப்பது நாலு வீட்டுக்குக் கேட்கும். எங்கள் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூரில் நாள் பார்த்துச் சொல்லிவைத்து, புடவைகூட எடுத்தாயிற்று. அதற்குள் அவர் போய்விட்டார். புடவை மடிப்புக் கலையாமல் பீரோவில் இருக்கிறது. மகள் புனேயில். ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். மற்ற நாட்களில் அவள் அனுப்பும் காலை வணக்கப் படத்துக்குப் பக்கத்தில் நீல டிக் விழுந்தால் அம்மா நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

சென்ற ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்தவளுக்குக் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. வேலியிலிருந்து குரல் கேட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. மறுபடி கேட்டார். பிறகு வேலியைத் தாண்டிக் குதித்து, கைலி கிழிய வந்து, பின்கதவை அறைந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டே போய்த் திறந்தேன். அவர் படியில் நின்றாரே தவிர உள்ளே கால் வைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எதிர் வீட்டுக்கு அந்தக் காலோடு ஓடி, செயலாளரின் மனைவியைக் கூட்டிவந்தார். அந்த அம்மாள்தான் ஆட்டோ வைத்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மகள் வந்து சில நாள் இருந்தாள். போகும்போது வாசலில் ஒரு கேமரா மாட்டிவிட்டுப் போனாள். வாசலுக்கு வர முடியாமல்தானே படுத்துக் கிடந்தேன், வாசல் கேமராவில் என்னத்தைப் பார்ப்பாய் என்று கேட்க நினைத்தேன். அவள் அழுகிற மாதிரி இருந்ததால் விட்டுவிட்டேன்.

அவர் வேலி தாண்டி வந்த இந்தச் சங்கதிதான் மகஜரில் வேறு வேஷத்தில் வந்திருந்தது. செயலாளர் போனதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். புழுதி பறக்கிறது என்று எழுதியிருந்தார்கள், உண்மை. பழைய டயர்களில் தண்ணீர் தேங்கிக் கொசு வருகிறது, அதுவும் உண்மை. டிரெய்லர் உள்ளே திரும்பும்போது தெரு அடைத்துக்கொள்கிறது, பள்ளிக்கூட வேன் நிற்கிறது. அதையும் நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் இப்படி: "மேற்படி மனையின் காவலாளி வேலி தாண்டி வந்ததாலும், ஒட்டிய வீட்டில் தனியே வசிக்கும் வயதான பெண்மணியின் பாதுகாப்பை முன்னிட்டும் அனுமதியை ரத்து செய்ய வேண்டுகிறோம்."

எனக்குத் தலைக்குமேல் கோபம் வந்தது. வயதான என்று எழுதியதற்கு முதலில் வந்தது. அப்புறம்தான் மற்றது. என்னைக் காப்பாற்ற வேலி தாண்டியவரை என் பெயரைச் சொல்லியே துரத்தப் பார்க்கிறார்கள். அன்றைக்கு ஆட்டோ பிடித்தவர் வீட்டுக்காரரே இதை எழுதியிருக்கிறார். அவர் மனதில் கெட்ட எண்ணம் இருந்திருக்காது, மகஜர் எழுதுகிற கைக்கு எது கிடைத்தாலும் காரணம்தான். ஆனால் காகிதத்தைக் கீழே வைத்ததும் கோபம் போய் வேறொன்று வந்தது. பயம். மனை காலியானால் நாளைக் காலையில் நான் எழுந்தேனா இல்லையா என்று தெரிந்துகொள்ள இந்த ஊரில் ஒருவரும் இல்லை. நான் கையெழுத்துப் போடவில்லை.

அதே வாரம் நீடாமங்கலத்திலிருந்து நெல் வந்தது. கணவர் வழியில் வந்த கொஞ்ச நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். சாப்பாட்டுக்கென்று சம்பா நெல் மூட்டையாக வரும். இந்தத் தடவை அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மூட்டையைப் பிரித்துக் கையை விட்டால் உள்ளே சூடாக இருந்தது, புழுங்கின வாடை. உடனே காயவைக்காவிட்டால் முளைத்துவிடும். மொட்டை மாடிக்கு மூட்டை தூக்க எனக்கு ஏது தெம்பு? தண்ணீர் பிடிக்க வந்த வாட்ச்மேன் வாடையிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"ஏம்மா கவலப்படுறீங்க? இம்மாம் பெரிய எடம் காஞ்சு கெடக்கு. கொட்டிட வேண்டியதுதான்."

அவரும் அன்றைக்கு அங்கிருந்த இரண்டு டிரைவர்களும் மூட்டைகளை எடுத்துப்போய், டிரெய்லர் வரிசைகளுக்கு நடுவில் தார்ப்பாய் விரித்துக் கொட்டிப் பரப்பினார்கள். இதைச் செய்யலாமா கூடாதா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் வெயிலும் கெட்டித் தரையும் ஒன்றாகக் கிடைத்தால் நெல்லைக் கொட்டுவது யாரும் யோசித்துச் செய்கிற காரியமில்லை. மாசியில் நெடுஞ்சாலையிலேயே பாதி நெல்லுக்குத்தான், பஸ் ஒதுங்கிப் போகும். நான் உத்தியோகம் பார்த்தவள், டிரெய்லர் நிறுத்த மட்டும்தான் அனுமதி என்று தெரிந்தவள். எனக்கே தோன்றவில்லை. காற்றாட நெல் விரிந்து கிடந்ததைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்து நிம்மதியாகக் காப்பி குடித்தேன்.

மறுநாள் முற்பகலில் மாநகராட்சியிலிருந்து அதிகாரி வந்துவிட்டார்.

சின்ன வயதுப் பெண். ஸ்கூட்டரில் வந்து, துப்பட்டாவை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். செயலாளரும் தெருவில் நாலைந்து பேரும் சேர்ந்து மனைக்குள் போனார்கள். வாட்ச்மேன் மட்டும் டிரெய்லர் ஓரமாக நின்றார். முதலாளி ஊரில் இல்லை. ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது, கேட்டது.

"பாருங்க மேடம், இத்தன நாள் டிரெய்லர். இப்ப களமாவும் ஆக்கிட்டாங்க," என்றார் செயலாளர்.

"யார் நெல்லு இது?" என்று அதிகாரி வாட்ச்மேனைக் கேட்டார்.

வாட்ச்மேன் நெல்லைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "நான்தாங்க போட்டேன்," என்றார்.

அதற்குமேல் நான் உள்ளே நிற்கவில்லை. வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு மனைக்குள் போனேன். மூச்சு வாங்கியது. "நெல்லு என்னுது. அவருக்கு ஏது நெல்லு? நான்தான் போடச் சொன்னேன்," என்றேன்.

அதிகாரி திரும்பிப் பார்த்தார். "நீங்க?"

"மகஜர்ல எழுதியிருக்காங்களே, வயதான பெண்மணின்னு. அது நான்தான்."

யாரோ சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. அவர் தன் புகார்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அதிகாரி தார்ப்பாய் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நெல்லுக்குள் இறங்கினார். கேட்டுக்கொண்டே காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். கால் போன வழியெல்லாம் கோடு விழுந்து அடிநெல் மேலே வந்தது. ஈர நெல்லை அப்படித்தான் காலால் கிளறிவிடுவோம். தான் அதைச் செய்துகொண்டிருப்பதே அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். கோடியிலிருந்து திரும்பும்போதுதான் எல்லோரும் தன் காலைப் பார்ப்பதைக் கவனித்து நின்றார். லேசாக வெட்கப்பட்டார்.

"எங்க வீட்லயும் களம் கிடையாது. ரோட்லதான் காயவைப்போம். ஸ்கூல் விட்டு வந்தா எனக்கு இதான் வேலை," என்றார். ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தார். "இன்னும் ரெண்டு வெயில் வேணும்மா."

"வேணும்தான்," என்றேன்.

"ஆனா நான் பாத்தத எழுதித்தான் ஆகணும். அனுமதி டிரெய்லருக்கு மட்டும்தான். உங்க பக்கத்துல என்ன சொல்றீங்க? இவங்க சொல்ற மாதிரி உங்களுக்குப் பயமா இருக்கா?"

தெருவே என்னைப் பார்த்தது. எத்தனையோ பேருடைய பேச்சைச் சேர்த்துவைத்தவள் நான். என் பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"பயமா இருக்கு," என்றேன். "இவங்க எல்லாம் போயிட்டா என்ன பண்றதுன்னு பயமா இருக்கு. புழுதி வருது, கொசு வருது, வேன் நிக்குது. நான் இல்லங்கல. ஆனா தெனம் காலைல இருக்கீங்களான்னு என்னை ஒருத்தர்தான் கேக்கறார். அன்னிக்கு வேலி தாண்டலன்னா நான் இல்ல. நான் தனியா இருக்கேம்மா. இதுக்கு மேல சொல்லத் தெரியல."

தெருக்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். வாட்ச்மேன் டிரெய்லர் சங்கிலியை எடுத்து எதற்கோ கொக்கியில் மாட்டினார். தனியாக இருப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அதை நானே பகலில் நாலு பேர் முன்னால் சொன்னது எல்லோருக்கும் கூச்சமாகப் போயிற்று, எனக்கும்.

"எனக்குத் துணையா இருக்குன்னு அதுல எழுத முடியுமா?" என்று கேட்டேன்.

அதிகாரி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "அதுக்கு இதுல எடம் இல்லம்மா. ஒட்டின வீட்டுக்கு ஆட்சேபணை இல்லன்னு எழுதிக்கிறேன்."

பங்குனியில் முடிவு வந்தது. செயலாளர்தான் வந்து சொன்னார். அவர் மனைவி கொடுத்தனுப்பிய அதிரசத்தை ஒரு டப்பாவில் எடுத்துவந்திருந்தார். ஒரு வருஷம் நீட்டிப்புக் கொடுத்துவிட்டார்களாம். ஆனால் நிபந்தனைகள் உண்டு. குடியிருப்புப் பக்கம் முழுக்க உயரமாகத் தகரத் தடுப்பு போட வேண்டும். தெருப் பக்கத்து வழியை மூடிவிட்டுப் புறவழிச்சாலைப் பக்கம் கேட் வைக்க வேண்டும். காவலாளிக்கு மனைக்குள்ளேயே தண்ணீரும் கழிப்பறையும் வேண்டும். பழைய டயர் வைக்கக் கூடாது. டிரெய்லர் தவிர எதற்கும் இடத்தைப் பயன்படுத்தக் கூடாது.

"உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. நீங்க கேட்ட மாதிரி அவங்களும் இருப்பாங்க," என்றார் செயலாளர். மகஜரில் எழுதியதற்கு அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆனால் அதிரசம் கொண்டுவந்தார். நானும் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு நிபந்தனையாகத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். சண்டை போடுவதற்கு ஒன்றுகூட அகப்படவில்லை. நான் அதிகாரியாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

சித்திரையில் தகரம் அடித்தார்கள். என் சமையலறை ஜன்னலுக்கு நேராகக் கடைசித் தகரத்தை மாட்டுவதற்கு முன்னால் வாட்ச்மேன் வந்து ஹோஸைச் சுருட்டிக் கொடுத்தார்.

"போர் போட்டாச்சும்மா. நாளைலேர்ந்து உங்களுக்குத் தொந்தரவு இல்ல."

தொந்தரவு என்று யார் சொன்னது என்று கேட்டிருக்க வேண்டும். "பரவால்ல," என்றேன். இத்தனை வாய் இருந்தும் வேண்டிய நேரத்தில் எனக்கு வந்த வார்த்தை அதுதான்.

மறுநாள் காலை வழக்கமான நேரத்தில் மோட்டார் சுவிட்ச் பக்கத்தில் போய் நின்றேன். குரல் வரவில்லை. ஏன் வரும்? அந்தப் பக்கம் அவருடைய மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. டிரம் நிரம்பி வழிந்தது, நிறுத்தினார். அடுத்த நாளும் அப்படித்தான். தகரத்தில் வெயில் பட்டு அடுக்களை உச்சி வேளையில் அனலாகக் கொதித்தது. டிரெய்லர்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டன. காற்றடித்தால் சங்கிலிச் சத்தம் மட்டும் வரும். சில சமயம் அவர் இருமுவார். ரேடியோ வைப்பார். வேண்டுமென்று கேட்டுத் தக்கவைத்துக்கொண்டது எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவருக்கும் என்னைக் கூப்பிட ஒரு காரணம் வேண்டியிருந்தது, அதையும் சேர்த்துத்தான் நிபந்தனையில் தீர்த்துவைத்துவிட்டார்கள். வாசல் கேமராவில் மகள் தகரத்தைப் பார்த்துவிட்டு, "இப்பதாம்மா சேஃபா இருக்கு," என்றாள்.

வைகாசி பிறந்து ஒரு நாள் காலையில் அந்தப் பக்கம் மோட்டார் சத்தம் கேட்கவில்லை. இருமலும் இல்லை, ரேடியோவும் இல்லை. காப்பியைக் கலந்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். காப்பி ஆறிப்போயிற்று. ஊருக்குப் போயிருக்கலாம். தூங்கிக்கொண்டிருக்கலாம். அந்தக் கால் வேறு. இத்தனை நாளில் நான் ஒரு தடவைகூட அவரைக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தினமும் அவர் கேட்பார், நான் பதில் சொல்வேன், அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

பின்கதவைத் திறந்து வெளியே போனேன். முறிந்த முருங்கை பக்கவாட்டில் துளிர்த்துத் தகரத்தில் சாய்ந்து நின்றது. கையில் கரண்டி இருந்தது. அதாலேயே தகரத்தைத் தட்டினேன். காலை வேளையில் அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"இருக்கீங்களா?" என்றேன். பழைய தொழில் குரல் தானாக வந்தது.

மறுபடி தட்டினேன். பிறகு கயிற்றுக்கட்டில் முனகுகிற சத்தம், காலை இழுத்து இழுத்து நடந்து வருகிற சத்தம்.

"இருக்கேம்மா. ராத்திரி காலு வலி, அசந்துட்டேன்," என்றது தகரத்துக்கு அந்தப் பக்கம். "என்னம்மா வேணும்? தண்ணி வரலியா?"

"ஒண்ணும் வேண்டாம்," என்றேன். "சும்மாதான் கேட்டேன்."